பல் துலக்குவதும் இரைப்பைப் புற்றுநோயும்: வகுப்பறையில் எதைச் சொல்வது?

எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நொச்சிக்குப்பத்தைச் சேர்ந்தவர்கள். அப்பா கடலுக்குப் போவார். அம்மாவோ ஆயாவோ மீன் அங்காடியில் கடை போட்டிருப்பார். சென்ற கல்வியாண்டில் ஏழாம் வகுப்பில் உணவு செரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், அவன் தாத்தாவுக்கு வயித்துல கேன்சராம். அவன் பாட்டில்ல தண்ணி குடிச்சா நமக்கும் ஒட்டிக்குமா?" அவன் சுட்டிய பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சேர்ந்துகொண்டாள்: "பல்லு விளக்கலன்னா வயித்துல கேன்சர் வரும்னு போன்ல வந்துச்சு டீச்சர்."

இரண்டுமே நல்ல கேள்விகள். இரண்டுக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. வாயில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவு இன்று உலகெங்கும் ஆராயப்படுகிறது. அதில் உறுதியானது எது, ஐயத்துக்கு உரியது எது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால்தான், பிள்ளைகளைப் பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் பதில் சொல்ல முடியும். அதற்காக நான் படித்துத் தொகுத்துக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

வாயிலிருந்து இரைப்பைக்கு

மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட வகை பாக்டீரியாக்கள் இனங்காணப்பட்டுள்ளன. ஒருவர் வாயில் அத்தனையும் இருப்பதில்லை. ஆனால் பல்லிடுக்கு, ஈற்றோரம், நாக்கின் பின்புறம் என ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கூட்டம் குடியிருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. பல்லைச் சரியாகத் துலக்காதபோது அவை பல்லின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. இதுவே பற்படலம். படலம் தங்கிவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆடத் தொடங்கும். இதை முற்றிய ஈறு நோய் என்கிறோம்.

ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீரை நாம் விழுங்குகிறோம். அதனுடன் கோடிக்கணக்கான வாய் பாக்டீரியாக்களும் இரைப்பைக்குப் போகின்றன. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. வெறும் வயிற்றில் அதன் பி.எச். மதிப்பு 2-ஐ ஒட்டி இருக்கும்; எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான, சில வேளைகளில் அதைவிடக் கடுமையான அமிலத்தன்மை. விழுங்கப்பட்ட பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடுகின்றன. எனவே இரைப்பையில் எந்தப் பாக்டீரியாவும் வாழ முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது.

நம்பிக்கையை மாற்றிய நுண்ணுயிரி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பை அழற்சி உள்ளவர்களின் திசுக்களில் சுருள் வடிவப் பாக்டீரியாவைக் கண்டார்கள். அதை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் கருவியில் கிடந்தன. திறந்து பார்த்தபோது பாக்டீரியா வளர்ந்திருந்தது. அதற்கு நேரம் போதாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்! மற்றவர்கள் நம்ப மறுத்ததால் 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அதனால் நடுநிலையாக்கிக்கொண்டு பாக்டீரியா பிழைத்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் ஹெலிகோபாக்டர் பைலோரியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. இரைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை மிக உறுதியாக நிறுவப்பட்ட நுண்ணுயிரிக் காரணம் இதுதான். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்தத் தொற்று இருந்திருக்கிறது; அவர்களில் இரைப்பைப் புற்றுநோய் வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான்.

இந்தப் பாக்டீரியாவின் அடையாளம் சிலரின் பற்படலத்திலும் உமிழ்நீரிலும் கண்டறியப்பட்டுள்ளது. வாய் அதற்கு நிலையான குடியிருப்பா, வந்துபோகும் வழியா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

அமிலம் குறைந்தால்

இரைப்பைப் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை. கொலம்பியாவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் பெலாயோ கொரேயா 1975-இல் இதைப் படிப்படியாக விளக்கினார். முதலில் நாள்பட்ட அழற்சி. அடுத்து, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிந்து அழிகின்றன. பிறகு இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவரைப் போல மாறுகிறது. அதன் பின் செல்கள் ஒழுங்கு கெடுகின்றன. கடைசியில் புற்றுநோய். இந்தப் பாதையைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இதில் இரண்டாம் படியைக் கவனியுங்கள். சுரப்பிகள் அழிந்தால் அமிலம் குறையும். அமிலம் குறைந்தால், முன்பு மடிந்துபோன வாய் பாக்டீரியாக்கள் இப்போது இரைப்பையிலேயே தங்கிப் பெருக முடியும். காவலாளி இல்லாத வாசல் வழியே யாரும் நுழையலாம் அல்லவா? இரைப்பைப் புற்றுநோயாளிகளின் இரைப்பையில் வாய்க்கு உரிய பாக்டீரியாக்கள் மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

அப்படி வந்தவை வெறும் விருந்தாளிகளா, நோயை வளர்ப்பவையா? ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்ஜினோசஸ் என்பது நலமாக உள்ளவர்களின் வாயிலும் வாழும் ஒரு பாக்டீரியா. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அது இரைப்பையில் தங்கியது; முதலில் அழற்சியும், பின்னர் சுரப்பி மெலிவும், ஓராண்டு அளவில் செல் ஒழுங்குகேடும் தோன்றின. கொரேயா சொன்ன அதே படிகள்! அந்தப் பாக்டீரியா தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் இரைப்பைச் செல்லின் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, செல்லைப் பெருகத் தூண்டும் சமிக்ஞையை முடுக்கிவிடுகிறது என்றும் கண்டார்கள்.

இன்னொரு வழி வேதியியல் சார்ந்தது. நாக்கின் பின்புறத்துப் பாக்டீரியாக்கள் உணவிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் இரைப்பையில் புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் போன்ற சேர்மங்களை உண்டாக்கலாம். அவற்றுள் பல, புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அப்படியானால் நைட்ரேட் மிகுந்த கீரையைத் தவிர்க்க வேண்டுமா? வேண்டாம். கீரையிலும் காய்கனிகளிலும் உள்ள வைட்டமின் சி இந்த வினையைத் தடுக்கிறது. காய்கனி நிறைய உண்பது நல்லது என்ற அறிவுரையில் எந்த மாற்றமும் இல்லை.

52 விழுக்காடு என்றால் எவ்வளவு?

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? அமெரிக்காவில் செவிலியர், மருத்துவத் துறையினர் ஆகியோரை 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2020-இல் வெளியானது. பங்கேற்ற பெண்கள் 98,459 பேர். ஆண்கள் 49,685 பேர். புகைப்பழக்கம் போன்ற பிற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஈறு நோய் இருந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 52 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கைப்பேசியில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

எட்டாம் வகுப்புக் கணக்கு வகுப்பில் இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். அந்த 1,48,144 பேரில் அத்தனை ஆண்டுகளில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் 238 பேர். அதாவது 1,000 பேருக்கு இருவரைவிடக் குறைவு. 1,000 பேரில் இருவருக்கு வரக்கூடியது 52 விழுக்காடு கூடினால் ஏறத்தாழ மூவர். ஈறு நோய் உள்ள 1,000 பேரில் மீதி 997 பேருக்கு அந்தக் காலத்தில் இந்த நோய் வராது. விழுக்காட்டை மட்டும் கேட்டால் நெஞ்சு படபடக்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் நிதானம் வரும்.

அடுத்தது, தொடர்பு வேறு, காரணம் வேறு. இதை நான் மெரினாவை வைத்துச் சொல்வேன். கடற்கரையில் பஜ்ஜி அதிகம் விற்கும் நாட்களில் கடலில் சிக்குபவர்களும் அதிகமாக இருப்பார்கள். பஜ்ஜியா அவர்களை அலைக்குள் இழுத்தது? விடுமுறைக் கூட்டம் இரண்டையும் கூட்டுகிறது. கடலோரத்துப் பிள்ளைகள் இதைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்வார்கள். ஈறு நோயும் இரைப்பைப் புற்றுநோயும் ஒருவரிடமே காணப்பட்டால், புகையிலை, வறுமை, காய்கனி குறைந்த உணவு ஆகியவை இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம். அவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் ஒரு தொடர்பு மிஞ்சுகிறது. எலி ஆய்வு அதற்கு ஒரு வழியையும் காட்டுகிறது. ஆகவே ஐயம் வலுவானது. ஆனால் பல் துலக்கினால் இரைப்பைப் புற்றுநோய் வராது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

சென்னையின் கதை

இந்தப் பேச்சு சென்னைக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் திட்டத்தின்கீழ் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணி வருகிறது. சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களின் பட்டியலில் இரைப்பை பல்லாண்டுகளாக முன்வரிசையில் இருப்பது அந்தப் பதிவேட்டால் தெரிய வந்தது.

காரணம் தேடி அந்நிறுவனத்தின் டாக்டர் கஜலட்சுமியும் டாக்டர் வி. சாந்தாவும் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பீடி உள்ளிட்ட புகைப்பழக்கமும் ஊறுகாய் வகை உணவும் ஆபத்தைக் கூட்டுவதாக அதில் தெரிந்தது. உப்பில் ஊறிய உணவு மிகுந்தால் இரைப்பையின் உட்படலம் புண்படுகிறது. புண்பட்ட இடத்தில் பாக்டீரியாவின் வேலை எளிதாகிறது.

இதை நொச்சிக்குப்பத்தில் சொல்லும்போது சொற்களை எண்ணிப் பேச வேண்டும். கருவாடு இங்கே பல வீடுகளின் உணவு. சில வீடுகளின் பிழைப்பு. "கருவாடு தின்றால் கேன்சர்" என்று ஆசிரியர் சொன்னால், அடுத்த நொடி ஒரு குழந்தை தன் ஆயாவின் கடையை நினைத்துக் கூசிப்போகும். சொல்ல வேண்டியது இதுதான்: புது மீன் நல்ல உணவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றிலும் உப்பு மிகுதி. அளவு குறைய வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. பெட்டிக்கடையில் ஊறுகாய்ப் பாக்கெட் வாங்கி அப்படியே நக்கித் தின்னும் பழக்கத்தைப் பற்றி இங்கே பேசலாம்.

கடந்த நூற்றாண்டில் உலகின் பல நாடுகளில் இரைப்பைப் புற்றுநோய் குறைந்துகொண்டே வந்தது. உணவைக் குளிரில் பாதுகாக்கும் வசதி வந்து உப்பிடும் தேவை குறைந்ததும், புதிய காய்கனி ஆண்டு முழுதும் கிடைத்ததும், ஹெலிகோபாக்டர் தொற்று குறைந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மீன் பெட்டியில் ஐஸ் கொட்டுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்.

ஒட்டுமா, ஒட்டாதா?

இரைப்பைப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, நோயாளியின் வீட்டுப் பிள்ளையோடு விளையாடுவதாலோ வராது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்.

அப்படியானால் ஹெலிகோபாக்டர்? அது பரவும் பாக்டீரியாதான். பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள், வாய் வழியாகவோ மலம் கலந்த நீர், கழுவாத கை வழியாகவோ பரவுகிறது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்படுகிறது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுக் கிருமி அல்ல. நம் வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. இத்தனை பேரிடம் இருந்தும் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. தாத்தாவுக்கு நோய் வந்த பையனைத் தள்ளி உட்கார வைக்க அறிவியலில் இடமே இல்லை. தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துப் பகிராமல் அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த விதி எல்லோருக்கும் பொது. ஒருவனுக்கு மட்டும் என்றால் அது சுகாதாரம் அல்ல, ஒதுக்கல். எங்கள் வகுப்பில் நான் சொன்ன பதிலும் இதுதான்.

பள்ளியில் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்புகளில்: காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் வரிசையாக வாய் கொப்பளிக்கும் பழக்கத்தை உண்டாக்கலாம். சாப்பிடும் முன்பும் கழிப்பறை சென்ற பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது ஹெலிகோபாக்டர் உட்படப் பல கிருமிகளைத் தடுக்கும். காலையில் மட்டுமன்றி இரவு படுக்கும் முன்பும் புளோரைடு கலந்த பற்பசையால் துலக்கச் சொல்லலாம். சிறு பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு பசை போதும். ஒரு பிரஷை வீட்டில் இருவர் பகிரக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்ல வேண்டும். பிரஷ் வாங்க முடியாத வீடு இருந்தால் அதைப் பிள்ளை வகுப்பில் எழுந்து சொல்லும் நிலை வரக் கூடாது. தனியே விசாரித்து உதவலாம்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில்: செரிமான மண்டலம் நடத்தும்போது ஹெலிகோபாக்டர் கதையைச் சேர்க்கலாம். 52 விழுக்காட்டுக் கணக்கைக் கணித ஆசிரியரிடம் கொடுக்கலாம். கைப்பேசியில் வந்த ஒரு நலச் செய்தியை மாணவர்கள் கொண்டுவந்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்: ஆய்வு எலியிலா, மனிதரிலா? எத்தனை பேர்? தொடர்பா, காரணமா?

புகையிலையைப் பற்றி எல்லா வகுப்பிலும் பேச வேண்டும். ஈறு நோய், வாய்ப் புற்றுநோய், இரைப்பைப் புற்றுநோய் எல்லாவற்றிலும் அதன் பங்கு ஐயமின்றி நிறுவப்பட்டது. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள்கள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விற்பது தெரிந்தால் தலைமை ஆசிரியர் வழியே புகார் அளிக்கலாம்.

ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது பல்லையும் பார்க்கிறது. சொத்தைப் பல், இரத்தம் கசியும் ஈறு உள்ள பிள்ளைகளின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வைத்தால் குழுவின் வேலை எளிதாகும். பரிந்துரைச் சீட்டு வாங்கிய பிள்ளை உண்மையில் பல் மருத்துவரிடம் போனதா என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதை வகுப்பாசிரியரால் செய்ய முடியும். இரைப்பைப் புற்றுநோய் என்ற சொல்லே இதற்குத் தேவையில்லை. பல் வலியில்லாமல் சாப்பிடவும் தூங்கவும் படிக்கவும் முடிவதே போதுமான காரணம்.

பெரியவர்களுக்கு ஒரு சொல்

பிள்ளைகளுக்கு இரைப்பைப் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. கவனிக்க வேண்டியவர்கள் அவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டி, பிறகு நாம். காலை உணவைத் தவிர்த்துவிட்டு, இடைவேளையில் தேநீர் குடித்து, எரிச்சலுக்கு மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் நீங்காத மேல்வயிற்று வலி, கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு, காரணமில்லாத எடைக் குறைவு, கருப்பாக மலம் போதல், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பையின் உட்புறத்தை நேரில் பார்த்துவிடலாம். ஹெலிகோபாக்டர் இருப்பது உறுதியானால் மருத்துவர் தரும் மாத்திரைகளை நாள் தவறாமல், சொன்ன கால அளவு முழுதும் சாப்பிட வேண்டும். தொற்றை நீக்குவது இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது மனிதரிடம் நடந்த சோதனைகளில் நிறுவப்பட்டது. தொடக்க நிலையில் கண்டறிந்தால் இந்த நோயைக் குணப்படுத்தவும் முடியும். எரிச்சல் மாத்திரை அட்டை கைப்பையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டதென்றால், அடுத்த விடுமுறை நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை மருத்துவமனைக்குப் போவதுதான்.